சித்தப்பா மூட்டிய சண்டை

எங்கள் ஊரின் இரண்டு கல்லூரிகளுக்கும் இடையில் தீராத பகை என்று லண்டனில் இன்றைக்கு யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஊரையே கண்டிராத பிள்ளைகள்கூட, கோடைகாலக் கால்பந்துப் போட்டியில் கழுத்து நரம்பு புடைக்க, "பந்து கோட்டைத் தாண்டினது" என்று ஒரு பக்கமும் "தாண்டேல்லை" என்று மறுபக்கமும் கத்துவார்கள். இது பரம்பரைப் பகை என்று விழா மலரிலும் எழுதிவிட்டார்கள். பரம்பரையாவது மண்ணாங்கட்டியாவது. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்று தேநீர் குடித்துக்கொண்டே சித்தப்பா மூட்டிய சண்டை அது. நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

ஊரில் அந்த இரண்டு கல்லூரிகளுக்கும் நடுவில் ஒரு மதில் மட்டும்தான். இந்தப் பக்கத்துப் பந்து அந்தப் பக்கம் விழுந்தால் எடுத்து எறிந்துவிடுவார்களாம். அயலோடு வேலிச் சண்டை பிடிப்பதில் பேர்போன எங்கள் ஆட்கள் இந்த ஒரு மதிலை மட்டும் எப்படியோ விட்டுவைத்திருந்தார்கள். லண்டனுக்கு வந்த பிறகும் இரண்டு பழைய மாணவர் சங்கங்களும் கோடையில் சட்டனில் ஒரு மைதானத்தை எடுத்து, சிநேகபூர்வமாக ஓர் ஆட்டம் ஆடும். தொப்பையைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் ஓடுவார்கள், இடைவேளைக்கு மட்டன் ரோல்ஸ் சாப்பிடுவார்கள், அதற்குப் பிறகு ஓட ஏலாது என்று சமநிலையில் முடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பார்க்க வருகிறவர்கள் அநேகமாக மனைவிமார்தான், அதுவும் திரும்பிப் போகக் கார் வேண்டும் என்பதற்காக.

மதிலுக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரிக்குக் கோல் கீப்பராக இருந்தவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லை. ஊரில் சித்தப்பாவுக்கு எதிரணியில் பந்தடித்தே சிநேகமானவர், பிறகு அவர் வந்த வழியாலேயே இங்கே வந்து சேர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டுக்கு வருவார். என் காலுறைகளைச் சுருட்டிப் பந்தாக்கி என்னை அடிக்கச் சொல்லிவிட்டு, நடைபாதைக் கம்பளத்தில் தடாலென்று பாய்ந்து விழுந்து பிடிப்பார். கீழ் வீட்டு வெள்ளைக்காரக் கிழவி வீடு கூட்டுகிற தும்புத்தடியால் கூரையில் தட்டுவாள். உண்மையைச் சொன்னால் சித்தப்பாவைவிட எனக்கு அவரைத்தான் பிடிக்கும்.

அந்த வருடம் குரோய்டனில் அவருடைய அகதி கேஸை நிராகரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மாமா வரவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தவர், கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார். புதிதாக ஒரு மனுப் போடலாம் என்று வழக்கறிஞர் சொன்னாராம், போடுவதற்கு ஆள் எழும்பி வரவேண்டுமே. அம்மா கொண்டுபோய் வைத்த சோற்றுப் பெட்டி அடுத்த நாளும் வாசலிலேயே இருந்தது. அப்பா போய் வெளியே நின்றபடி ஆறுதலாகக் கதைத்துப் பார்த்தார். "உள்ளுக்கை தமிழ் றேடியோ மட்டும் கதைக்குது" என்று அப்பா வந்து சொன்னார். அம்மா சுவாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். எனக்கோ ஞாயிற்றுக்கிழமை என்றால் அழுகை வரும்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் சித்தப்பாவுக்குப் புத்தி கெட்டது. எங்கள் தமிழ் வானொலியில் மாலை நேரத்தில் வாழ்த்து நிகழ்ச்சி ஒன்று போகும். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கும், ஐம்பதாவது கலியாண நாளுக்கும் ஆட்கள் போன் எடுத்து மாமா மாமி பெரியப்பா பெரியம்மா என்று ஒருவரையும் விடாமல் பெயர் சொல்லி வாழ்த்துவார்கள். பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் முடிந்து வந்த சித்தப்பா, தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நிகழ்ச்சிக்குப் போன் எடுத்தார். மதிலுக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரியின் பழைய கோல் கீப்பருக்குத் தன் வாழ்த்தைத் தெரிவித்துக்கொண்டார். ஊரில் படிக்கிற காலத்தில் ஆடிய எந்த ஆட்டத்தில் என்றும் சொன்னார். கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்த பந்தை வெளியே இழுத்து எடுத்துவிட்டு, கோல் இல்லை என்று சாதித்த மகா கெட்டிக்காரர் அவர், இன்றைக்கு எங்கே ஒளித்திருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்றார். அறிவிப்பாளர் அவசரமாக ஒரு பாட்டைப் போட்டார்.

அம்மா கரண்டியோடு திரும்பினாள்.

"தம்பி, உமக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இருக்கோ? விழுந்து கிடக்கிறவனிலை ஏறி மிதிக்கிறீர்."

"பந்து தாண்டினது அண்ணி. நான் என்ன செய்ய?" என்றார் சித்தப்பா, கூச்சநாச்சமில்லாமல்.

அன்றிலிருந்து அம்மா அவரோடு கதைப்பதை நிறுத்தினாள். சாப்பாட்டுக் கோப்பையை அவர் முன்னால் டங்கென்று வைப்பாள். நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அவர் அசைந்தாரா? ஒவ்வொரு நாளும் போன் எடுத்தார். இரண்டாம் நாள் கோபம் வந்து அந்தப் பக்கத்து மதில்காரர் ஒருவர் ஹரோவிலிருந்து எடுத்தார். மூன்றாம் நாள் எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் ஈஸ்ட்ஹாமிலிருந்து எடுத்து, பந்து தாண்டினதைத் தன் இரண்டு கண்ணாலும் கண்டதாகச் சத்தியம் செய்தார். "அவன் அப்ப பால்குடி" என்றார் அப்பா. பிறந்தநாள் பிள்ளைகளுக்கு இடமே இல்லாமல் போயிற்று. கோயிலில் சாமி தூக்கும்போதுகூட இந்தக் கதைதான். ஒரே மேசையில் சீட்டாடிய மனிதர்கள் இரண்டு மேசையாகப் பிரிந்தார்கள்.

சித்தப்பா அதோடும் விடவில்லை. பழைய சாமான் விற்கிற கடை ஒன்றில் ஒரு வெற்றிக் கிண்ணம் வாங்கிக்கொண்டு வந்தார். யாரோ ஒரு நாய் ஓட்டப் பந்தயத்தில் வென்றது போலும், மூடியில் ஒரு நாய் நின்றது. அதைக் கழற்றப் பார்த்தார், கழலவில்லை. மதில் கிண்ணம் என்று பேர் வைத்து, இந்த முறை சிநேகபூர்வம் கிடையாது, மானப் பிரச்சினை என்று வானொலியில் அறிவித்தார். அந்த நாய்க்காக இரண்டு பக்கமும் உயிரைக் கொடுக்கத் தயாரானது. அதுவரை ஓடியே இராதவர்கள் வேலைக்குப் போகும் முன் பூங்காவில் மூச்சு வாங்க ஓடினார்கள்.

ஒரு மாலை அறிவிப்பாளர், அடுத்த நேயர் யார் என்று கேட்டார். கரகரத்த ஒரு குரல் கேட்டது.

"பந்து தாண்டேல்லை. அண்டைக்கு ஆட்டம் முடிய ஓடி வந்து கை தந்து, நல்ல பிடி எண்டு சொன்னது ஆர் எண்டு அவரைக் கேளுங்கோ. சட்டனுக்கு வாறன். அங்கை வந்து கேக்கிறன்."

மாமாவின் குரல். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். சித்தப்பா தேநீரை அப்படியே வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன், சந்தோஷப்பட்டேன். அடுத்த நிமிடமே எனக்கு வேறு யோசனை வந்தது. இவ்வளவு கோபத்தோடு இருக்கிறவர் இனி எங்கள் வீட்டு வாசலை மிதிப்பாரா? ஒரே ஒரு வாயால் சித்தப்பா என் மாமாவை ஒரேயடியாகத் தொலைத்துவிட்டார்.

சட்டனில் அந்தச் சனிக்கிழமை கார் நிறுத்த இடமில்லை. பறை கொண்டுவந்தவர்களும் இருந்தார்கள், பானை கொண்டுவந்து தட்டியவர்களும் இருந்தார்கள். மாமா தாடியோடு வந்தார். பழைய சட்டை அவருடைய தோளில் தொங்கியது, அவ்வளவு மெலிந்திருந்தார். என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார், சித்தப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தவர் சித்தப்பா. எங்கள் பக்கமே எழும்பி நின்றது. நான் யாருக்கும் தெரியாமல், மாமா பிடிக்கவேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்ந்தேன்.

பிடித்தார். எங்கள் நடைபாதையில் விழுவதைப் போலவே தடாலென்று விழுந்து, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிடந்தார். அவர்களுடைய பக்கம் மைதானத்துக்குள் ஓடி வந்தது. அவர் எழும்பினார், பந்தைக் கொண்டுபோய்க் கோட்டின் மேல் வைத்தார், பிறகு சித்தப்பாவை நோக்கி வாயைத் திறந்தார். அதுவரை நான் கேட்டிராத தமிழ். சித்தப்பாவின் தொப்பையில் தொடங்கி, அவருடைய நாக்குக்கு வந்து, சோதனையில் அவர் பார்த்து எழுதியது வரைக்கும் போனது. தாய்மார் பிள்ளைகளின் காதைப் பொத்தினார்கள். அம்மாவும் என் காதைப் பொத்தினாள், ஆனால் சிரிப்போ அழுகையோ, இடையிடையே ஒரு கையை எடுத்துத் தன் வாயைப் பொத்தியதில் எனக்கு எல்லாம் நன்றாகவே கேட்டது.

சித்தப்பா புல்லில் முழங்காலில் இருந்தார். சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். என்னதான் இருந்தாலும் என் சித்தப்பா அல்லவா, எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் அவருடைய முதுகைத் தடவி, அடுத்த வருடம் வெல்லலாம் என்றேன். அவர் சட்டைக்குள்ளிருந்தே தலையை ஆட்டினார்.

"ஏசட்டும் பிள்ளை. நல்லா ஏசட்டும். நிப்பாட்டச் சொல்லிப்போடாதை."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எதிரி ஏச ஏச இப்படிக் கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு மனிதரை வைத்துக்கொண்டு எங்கள் கல்லூரி எந்தக் காலத்தில் வெல்லப் போகிறது என்று நினைத்தேன்.