இருதயநாதன் மூடிய பெட்ரோல் குழாய்

மேலப்புதூரில் மருந்துக்கடை வைத்திருந்த இருதயநாதனுக்கு மோட்டார் சங்கத்தில் இடம் கிடைத்ததே அந்தப் பழைய வண்டியால்தான். தொட்டியத்து மிராசுதார் ஒருவர் எதற்கும் உதவாது என்று கொட்டகையில் தள்ளிவைத்திருந்த 1911-ஆம் வருஷத்து மோட்டார் அது. இருதயநாதன் அதை வாங்கி, மாடு பூட்டி இழுத்துவந்து, பாலக்கரையில் பட்டறை போட்டிருந்த ஷேக் தாவூதிடம் விட்டார். தாவூதுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கடையில் கிடைக்காத சாமான்களைத் தாமே கடைந்து செய்து, ஐந்து மாதத்தில் வண்டியை ஓட வைத்துவிட்டார்.

1936 ஜனவரியில் சங்கத்தார் பழைய மோட்டார்களுக்கென்று ஒரு காட்சி வைத்தார்கள். கண்டோன்மெண்ட் மைதானத்தில் பதினோரு வண்டிகள் நின்றன; ஒவ்வொன்றாக நடுவர்கள் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். சங்கத்தின் தலைவர், ஸ்ரீரங்கத்து வக்கீல் சடகோபாச்சாரியார், இருதயநாதனின் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"பேஷ்! யார் கைவேலை ஓய் இது? என் வண்டியும் ஆறு மாசமா இருமிண்டிருக்கு. அவனண்டை விட்டுடலாம்னு பார்க்கறேன்."

இருதயநாதனுக்குப் பெருமை பிடிபடவில்லை. தாவூது மனைவி நசீராவோடு, மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே கூட்டத்தில் நின்றிருந்தார். இருதயநாதன் அவரைக் கை காட்டினார். தாவூது அங்கிருந்தே சலாம் வைத்தார்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. முறை வர நேரமாகும் என்று இருதயநாதன் இருக்கைக்கு அடியில் கைவிட்டு பெட்ரோல் குழாயை மூடினார். நிற்கும்போது மூடிவைத்தால் சொட்டாது என்று சொல்லிக் கொடுத்ததே தாவூதுதான். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி அக்னஸ் விசிறிக்கொண்டே அதைப் பார்த்தாள்.

அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அவசரத்தில் குழாய் ஞாபகமே வரவில்லை. முன்பக்கத்து ஹேண்டிலைச் சுற்றியதும், எஞ்சினில் மிச்சமிருந்த பெட்ரோலில் வண்டி கிளம்பியது. நடுவர்களின் மேஜைக்கு நேரே வந்ததும் இரண்டு தடவை விக்கிவிட்டு நின்றுபோனது. இறங்கிச் சுற்றினார், மறுபடி சுற்றினார். கோட்டு நனைந்ததுதான் மிச்சம். கூட்டத்தில் யாரோ, "மாட்டைக் கொண்டாங்கப்பா!" என்று கத்த, மைதானமே சிரித்தது.

இருதயநாதனுக்குக் காது ஜிவ்வென்றது.

"பட்டறைக்காரனை நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி இரைந்தார். "அஞ்சு மாசம் வெச்சுக்கிட்டு அரைகுறையாப் பண்ணிக் குடுத்திருக்கான்!"

தாவூது கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. இருக்கைக்கு அடியில் கையை விட்டார். ஒரு திருகு. பிறகு ஹேண்டிலை ஒரே சுற்று. வண்டி உறுமியது.

அந்தக் கணத்தில் இருதயநாதனுக்கு விளங்கிவிட்டது.

"என்ன கோளாறு?" என்று கேட்டார் சடகோபாச்சாரியார்.

தாவூது இருதயநாதனைப் பார்த்தார். உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். இருதயநாதன் சொல்லியிருக்கலாம்.

"ஏதோ சரியா முடுக்காம விட்டிருக்கான் சார்," என்றார் இருதயநாதன்.

முதலில் கத்தியது தெரியாமல் செய்தது. இது தெரிந்தே செய்தது. தாவூது கயிற்றைத் தாண்டிப் போய் நசீராவை அழைத்துக்கொண்டு கிளம்பினார். அவள் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

வீட்டு வாசலில் இறங்கும்போது அக்னஸ் கேட்டாள்: "குழாயை மூடினது நீங்கதானே?"

அவர் கோட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே போனார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் பாதிரியாரிடம் நன்மை அப்பம் வாங்க எழுந்தபோது, மனசில் பாவத்தோடு வாங்கக் கூசி, அவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார்.

மறுநாள் பட்டறைக்குப் போனார். வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனார்.

"தாவூது, தப்பு என் பேர்லதான். மன்னிச்சுக்கப்பா."

தாவூது கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "மைதானத்துல அத்தனை பேர் கேக்கச் சொன்னீங்க, சார். இங்க வந்து என் காதுல மட்டும் சொல்றீங்களே. வக்கீல் ஐயா வண்டியை வேற எடத்துக்கு அனுப்பிட்டாரு. இன்னும் ரெண்டு பேர் வரேன்னு சொல்லிட்டு வரல."

குரலில் கோபம் இல்லை. இருதயநாதனுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த மாதம் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றார். குழாயை மூடியது தாம்தான், தெரிந்த பிறகும் பொய் சொன்னது தாம்தான் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். யாரோ இருமினார்கள்.

"இதைப் போய்ப் பெரிசா... உட்காரும் ஓய். காபி ஆறிண்டிருக்கு," என்றார் சடகோபாச்சாரியார். ஆனால் அதற்குப் பிறகு அவர் இருதயநாதனின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. தம் வண்டியைப் பாலக்கரைக்கு அனுப்பவும் இல்லை. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைக்காரர் ஒருவர் மட்டும் மறு வாரம் தம் லாரியைத் தாவூதிடம் விட்டார்.

இருதயநாதன் சேதி சொல்லப் போனபோது தாவூது அந்த லாரிக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே கால்கள் மட்டும் தெரிந்தன.

"சங்கத்துல சொல்லிட்டேன், தாவூது."

"கேள்விப்பட்டேங்க," என்றது அடியிலிருந்து குரல். சுத்தியல் சத்தம் நிற்கவில்லை.

தாவூது வெளியே வருவார் என்று நின்று பார்த்துவிட்டு, இருதயநாதன் கடைக்கு நடந்தார்.