அலுமாரிக்குள் இருந்த உலகம்

உலகப் படத்தை நாங்கள் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்தோம். கதவு சிறியது, படம் பெரியது. வட துருவத்தைப் பின்னால் மடித்துத்தான் ஒட்ட முடிந்தது. பின்னேரத் தேநீர் முடிந்ததும் மனைவி அறையைச் சாத்துவாள், நான் அலுமாரியைத் திறப்பேன். அவளுடைய சேலைகளுக்கும் என் சட்டைகளுக்கும் முன்னால் நின்றபடி இரண்டு பேரும் உலகம் சுற்றுவோம். அறுபதைத் தாண்டிய புருசனும் பெண்சாதியும் பட்டப்பகலில் அறையைச் சாத்திக்கொள்வதை அயலில் யாராவது கண்டால் என்ன நினைப்பார்கள் என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

இப்போது அந்தப் படம் முன் ஹோல் சுவரில் தொங்குகிறது. அது அங்கே எப்படி வந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வருடம் வீட்டைப் பூட்டிவிட்டு உலகத்தைச் சுற்றி வருவது என்பதுதான் எங்கள் திட்டம். நான் உன்னிச்சைக் குளத்தில் மதகுக் கதவுகளைத் திறக்கவும் மூடவும் தண்ணீர் மட்டத்தைக் குறிக்கவும் என்று முழு உத்தியோகக் காலத்தையும் கழித்தவன். கப்பல்களைக் கதவுகளாலும் தண்ணீராலும் மலை ஏற்றி இறக்குகிற கால்வாய் ஒன்று வட அமெரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவில் இருக்கிறது. அதன் கரையில் ஒரு நாள் முழுக்க நிற்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்ற மனைவிக்குப் பனி பார்க்க வேண்டும். விழுந்து கிடக்கிற பனி போதாதாம், விழுகிற நேரத்திலேயே பார்க்க வேண்டுமாம். எங்கள் கடவுச்சீட்டைக் கண்டால் எந்த நாடும் நூறு கேள்வி கேட்காமல் கதவைத் திறக்காது. அதனால் எங்கள் பாதை கடலையோ மலையையோ பார்த்துப் போகவில்லை, விசாவைப் பார்த்துப் போனது. படத்தில் கீறும் பாதைக் கோட்டை அவள் வடக்கே இழுப்பாள், நான் மேற்கே இழுப்பேன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு நாங்கள் சண்டை பிடித்தது சந்தோசமாக இருந்தது.

ஒளித்து வைத்ததற்குக் காரணம் மச்சாள்.

மச்சாள் என் மனைவியின் அக்கா. எங்கள் பக்கத்தில் கலியாணம் கட்டிய ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். கரடியனாற்றில் பிறந்த நான் அப்படித்தான் ஒரு பெட்டியோடு கல்லடிக்கு வந்து சேர்ந்தேன். மாமியார் இரண்டு மகள்மாருக்கும் ஒரே வளவுக்குள் இரண்டு வீடு கட்டிக் கொடுத்திருந்தார். நடுவில் வேலி இல்லை, கிணறு மட்டும் இருந்தது. மச்சாள் வீட்டிலேயே கால் மிசின் வைத்துப் பள்ளிக்கூடச் சட்டைகள் தைப்பார். அவர்களுக்கும் பிள்ளைகள் இல்லை, எங்களுக்கும் இல்லை. சுனாமி வந்த அன்று கடல் அவருடைய கணவரைக் கொண்டு போய்விட்டது. அதன் பிறகு ஒரு வருடம் அவர் எங்கள் ஹோலில்தான் பாய் விரித்துப் படுத்தார். மனைவி பள்ளிக்கூடம் விட்டு வரப் பிந்தும் என்பதால் மத்தியானக் கறி அவர் வீட்டிலிருந்து பின் கதவால் வரும். அவள் ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை. அந்த வளவுக்குள் நாங்கள் மூன்று பேர்தான். அதில் இரண்டு பேர் ஒரு வருடத்துக்குக் கிளம்புகிறோம்.

"புறப்படுற நாள் வரைக்கும் ஒருத்தருக்கும் மூச்சு விடப்படாது. நாவூறு பட்டிரும்" என்றாள் மனைவி. நானும் பெரிதாகத் தலையாட்டினேன். ஊர் வாயில் விழுந்தால் காரியம் கெடும் என்கிற அந்த நாவூறு வெறும் சாக்கு. உங்களைத் தனியே விட்டுவிட்டுப் போகிறோம் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் துணிவில்லை.

சித்திரை முடிந்து சில நாளில், விசாவுக்கு எடுத்த படங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்திருந்தோம். மச்சாள் கறிச் சட்டியோடு பின் கதவால் வந்தார்.

"என்ன மச்சான், இவ்வளவு போட்டோ? இந்த வயசில மாப்பிள்ள பேசுறாங்களா உங்களுக்கு?"

மனைவி படங்களைக் கையால் மறைக்கப் பார்த்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நான் வாயைத் திறந்தேன்.

"இந்தியாவுக்குப் போக வேண்டி வரும் போல, மச்சாள். நெஞ்சுக்குள்ள சின்ன வருத்தம். அங்க கொண்டு போய்க் காட்டினா நல்லம் எண்டு டொக்டர் சொன்னவர்."

வருத்தம் என்றால் கேள்வி குறையும், போகிறதற்கும் ஒரு நியாயம் இருக்கும், திரும்பி வர நாள் எடுத்தாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள் என்று அந்த ஒரு நொடியில் என் புத்தி கணக்குப் போட்டிருக்கிறது. மச்சாள் சட்டியை மெல்ல இறக்கி வைத்தார்.

"எத்தினை நாளா?"

"கொஞ்ச நாளா."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"உங்களப் பயப்படுத்தப்படாது எண்டுதான்."

அடுத்த நாள் வந்த கறியில் உப்பு இல்லை. நெஞ்சு வருத்தக்காரருக்கு உப்புக் கூடாது என்று யாரிடமோ கேட்டு வந்திருக்கிறார். உப்பில்லாத மீன் குழம்பு, உப்பில்லாத பருப்பு, உப்பில்லாத முருங்கைக்காய். நான் கிணற்றில் வாளியைத் தொட்டால் ஓடி வந்து பறிப்பார். கல்லடிப் பாலத்தில் சைக்கிள் மிதிப்பதைக் கண்டுவிட்டு நடுத் தெருவில் நின்று ஏசினார். அந்த நாட்களில் நாங்கள் இதை ஒரு பகிடியாகத்தான் எடுத்தோம். "பொய் சொன்ன வாய்க்கு உப்பில்லாச் சாப்பாடுதான்" என்று மனைவி சீண்டுவாள், மச்சாளுக்குத் தெரியாமல் என் சோற்றுக் கோப்பையில் ஒரு சிட்டிகை உப்பும் தூவுவாள்.

ஆனி பிறந்தது. வடக்கேயிருந்து வேல் எடுத்துக்கொண்டு கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் வருடா வருடம் எங்கள் பாலத்தைக் கடந்துதான் தெற்கே காட்டு வழியாகப் போவார்கள். ஒரு நாள் காலையில் மச்சாள் காவிச் சேலை கட்டி, தோளில் ஒரு பையோடு எங்கள் வாசலில் நின்றார். காலில் செருப்பு இல்லை.

"நேர்ந்து போட்டன், கதிர்காமத்துக்கு நடந்து வாறன் எண்டு. மச்சானுக்குச் சுகமாகட்டும்."

"அக்கா, உங்கட முழங்காலோட காடெல்லாம் ஏலாது" என்றாள் மனைவி.

"முழங்காலுக்கு என்ன? அது மிசின் மிதிச்ச வருத்தம். நடந்தா இளகும்."

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். இரண்டே சொல் போதும். நான் வாயைத் திறந்தேன். "தண்ணிப் போத்தல் எடுத்தீங்களா?" என்று கேட்டேன். எடுத்திருக்கிறேன் என்று பையைத் தட்டிக் காட்டிவிட்டு, அரோகரா சொல்லிக்கொண்டு போன கூட்டத்தோடு அவர் போய்விட்டார். இடது காலை இழுத்து இழுத்து நடந்தார்.

அன்று நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக் கத்தினோம். நீங்கள்தானே பொய் சொன்னீர்கள் என்றாள். மூச்சு விடாதே என்றது யார் என்றேன். பிறகு பேசவே இல்லை. இதெல்லாம் மனுசருக்கு நடக்கிறதுதான். ஆனால் அதற்குப் பிறகு செய்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. நான்காம் நாள் படத்தை அலுமாரியிலிருந்து உரித்து எடுத்து, ஹோல் சுவரில் நாலு ஆணி அடித்து மாட்டினோம். மடித்து வைத்திருந்த வட துருவம் அன்றுதான் வெளியே வந்தது. பின் கதவால் யாரும் வரமாட்டார்கள் அல்லவா. பயப்படாமல், பெரிய குரலில், வெளிச்சத்தில் நின்று திட்டம் போட்டோம். எங்கள் பாதையில் பெரும்பகுதியைச் சிவப்பு மையால் கீறி முடித்தது அவர் இல்லாத அந்த மூன்று வாரத்தில்தான். ஒருவர் எனக்காகத் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்துகொண்டிருக்க, அவர் பாய் விரித்துப் படுத்த இடத்தில் நின்று, எந்த மாதத்தில் பனி விழும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருக்கோவிலிலிருந்து ஒரு தடவை, பொத்துவிலிலிருந்து ஒரு தடவை, கடைசியாக உகந்தையிலிருந்து மச்சாள் போன் எடுத்தார்.

"நாளைக்குக் காட்டுக்குள்ள இறங்குறம். அங்க போன் வேலை செய்யாது. நெஞ்சு வருத்தக் குளிசை ஒழுங்காப் போடுறீங்களா?"

"ஓம், மச்சாள்."

"உப்பு?"

"தொடுறதே இல்ல."

அடுப்பில் கருவாடு பொரிந்துகொண்டிருந்தது. அந்த மணம் போனுக்குள்ளால் போய்விடுமோ என்று போனின் வாயைக் கையால் பொத்தினேன். "மச்சாள், ஒண்டு சொல்லணும்" என்றேன். "சொல்லுங்க" என்றார். பின்னால் மேளமும் அரோகராவும் கேட்டன. "கவனமாப் போங்க" என்றேன்.

அவர் திரும்பி வருவதற்கு முதல் நாள் படத்தைக் கழற்றுவதாக இருந்தோம். யாரோ தங்கள் வான் வண்டியில் இடம் கொடுத்தார்கள் என்று அவர் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். அதுவும் எத்தனையோ வருடத்துக்குப் பிறகு முன் கதவால் வந்தார். சாமியிடமிருந்து திருநீறு கொண்டு வருகிறவர் பின் கதவால் வரமாட்டார். இது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் கையில் கோடு கீறும் அடிமட்டத்தோடும் பென்சிலோடும் படத்துக்கு முன்னால் நின்றேன்.

அவர் என்னைத்தான் பார்த்தார், சுவரைப் பார்க்கவில்லை. கறுத்து மெலிந்திருந்தார். கால் பெருவிரல் நகம் ஒன்று கழன்றிருந்தது. பொட்டலத்தை அவிழ்த்து என் நெற்றியில் பூசினார். பிறகு சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி நெஞ்சிலும் பூசினார். அப்போதுதான் படம் அவர் கண்ணில் பட்டது.

"இதுல நம்மட ஊர் எங்க?"

பென்சில் முனையை வைத்துக் காட்டினேன்.

"கதிர்காமம்?"

முனையை நகர்த்தப் பார்த்தேன், நகர்த்த இடமில்லை. "இதுக்குள்ளதான், மச்சாள்."

"நான் நடந்ததெல்லாம் இந்தப் பென்சில் முனைக்குள்ளயா?" என்று சிரித்தார். சிரித்தபடியே அவர் கண் சிவப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டது. வாழ்நாளெல்லாம் துணியில் கோடு போட்டு வெட்டியவருக்கு ஒரு கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அது எங்கள் தீவில் தொடங்கி, எல்லாவற்றையும் சுற்றி, எங்கள் தீவில் முடிந்தது.

"ஆரு போறது?"

"நாங்கதான், அக்கா" என்றாள் மனைவி, குசினி வாசலில் நின்று.

"எவ்வளவு காலம்?"

"ஒரு வருசம்."

"அப்ப மச்சானுட வருத்தம்?"

"வருத்தம் ஒண்டும் இல்ல. நான் பொய் சொன்னனான்" என்றேன். திருநீறு நெஞ்சில் குளிர்ந்துகொண்டு இருந்தது.

அவர் கதிரையில் உட்கார்ந்து முழங்காலை நீவினார். அது வீங்கியிருந்தது. அழுவார், ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மச்சானுக்குச் சுகமானா வாற வருசமும் நடந்து வாறன் எண்டு கொடியடியில நிண்டு சொல்லிப்போட்டன்" என்றார்.

"அது பொய்க்கு நேர்ந்தது, அக்கா. அது சேராது" என்று மனைவி அழுதாள்.

"பொய் உங்களோட. நான் சொன்னது முருகனிட்ட. இவர் சுகமாத்தானே இருக்கார்? அப்ப நான் நடக்கத்தான் வேணும்."

நானும் கூட நடக்கிறேன் என்றேன். "வேணாம். நெஞ்சு வருத்தக்காரர் காட்டுக்குள்ள வரப்படாது" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

மனைவி படத்தைக் கழற்றப் போனாள். "கிடக்கட்டும், ஆணி அடிச்சாச்சுதானே" என்று சொல்லிவிட்டு மச்சாள் எழும்பிப் பின் கதவால் தன் வீட்டுக்குப் போனார். புறப்படுகிற நாளை அவர் அடுத்த தடவை நடந்து திரும்பி வரும் வரைக்கும் அன்றே தள்ளி வைத்தோம். அதைச் சொன்னபோது அவர் நல்லம் என்று மட்டும் சொன்னார். அந்த முழங்கால் இன்னொரு தடவை அந்தக் காட்டைத் தாங்குமா என்பது எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் கறி வராது என்றுதான் நினைத்தேன். வழக்கமான நேரத்துக்கே வந்தது. மூடியிருந்த தட்டைத் தூக்கி, சோற்றில் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். உப்பு அளவாக இருந்தது. கையைக் கழுவாமல் அப்படியே இருந்து அழுதேன்.