தலையில் தட்டிக்கொண்டிருந்தேன்

2006ஆம் ஆண்டு கோடையில் ஒரு ஞாயிறு மதியம். லண்டனில் இருந்து வந்திருந்த மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா, எங்கேயாவது தண்ணீரோரம் போய்ச் சாப்பிடுவோம் என்றார். சென்ட் ஆன் டி பெல்வ்யூவுக்குப் போனோம். மொன்றியல் தீவின் மேற்கு நுனியில், படகுகள் கடந்து போகும் கால்வாயை ஒட்டிய சிறிய ஊர். கடல் இல்லாத எங்களுக்கு அதுதான் கடற்கரை.

மச்சாள் நேரே ஒரு பப்பின் முன்னால் போய் நின்றார். எனக்குக் கால் எழவில்லை. மூன்று வயது மகனை பியர் குடிக்கும் இடத்துக்கா கூட்டிப்போவது?

"லண்டனிலை ஞாயிறு எண்டால் குடும்பமாய்ப் போய்ச் சாப்பிடுற இடம் பிள்ளை இது. மணத்துக்கே வெறிக்குமே உம்மட மகனுக்கு?"

"அவ தண்ணியையே ரெண்டு தரம் கொதிக்க வைக்கிறவ அக்கா," என்று கணவர் சிரித்தார்.

வெளியே, கால்வாயைப் பார்த்தபடி இருந்த மேசை கிடைத்தது. குடிப்பவர்கள் கண்ணில் படாதபடி மகனைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி இருத்தினேன். நான் அவனோடு ஒட்டி உட்கார்ந்தேன். அவனுக்கு நேரெதிரே, கால்வாயின் தடுப்புக் கம்பியோர மேசையில், ஒரு பெண் தனியாக பியர் குடித்துக்கொண்டிருந்தார். அவரை மட்டும் மறைக்க வழியில்லை.

கோழி இறைச்சியைத் தும்பு தும்பாகக் கிழித்துக் கொடுத்தேன். உருளைக்கிழங்குப் பொரியலை ஊதி ஆற்றினேன். தட்டின் ஓரத்தில் அழகுக்கு நாலைந்து திராட்சை வைத்திருந்தார்கள். பழம்தானே, அதை மட்டும் நான் சந்தேகப்படவில்லை.

மகன் ஒன்றை வாயில் போட்டான். லேசாக இருமினான். புரைக்கேறினால் எங்கள் வீடுகளில் செய்வதைத்தான் செய்தேன். உச்சந்தலையில் மெல்லத் தட்டி, "ஆரோ நினைக்கினம்" என்றேன்.

"வேறை ஆர், ஊரிலை அப்பம்மாதான்," என்றார் மச்சாள், வந்துகொண்டிருந்த படகிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இருமல் நின்றது. சரியாகிவிட்டது என்று நினைத்து, ஆறுதலுக்கு இன்னும் இரண்டு தட்டுத் தட்டினேன்.

எதிரே நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது. அந்தப் பெண் பாய்ந்து வந்து என் பிள்ளையைப் பறித்தார். தன் தொடையில் அவனைக் குப்புறப் போட்டு, தோள்களுக்கு நடுவே ஓங்கி அடித்தார். குடித்துவிட்டு என் பிள்ளையை அடிக்கிறாள் என்றே நினைத்தேன். "விடு, அடியாதை" என்று தமிழிலேயே கத்தி, அவருடைய கையைப் பிறாண்டினேன். அவர் விடவில்லை. திரும்பவும் அடித்தார்.

பலகைத் தரையில் ஒரு திராட்சை வந்து விழுந்தது. முழுசாக.

அதன் பிறகுதான் மகன் அழுதான். தூக்கி முகத்தைப் பார்த்தேன். உதடுகளில் இன்னும் நீலம் போகவில்லை. பக்கத்திலேயே இருந்த நான் பார்த்தது அவனுடைய உச்சந்தலையை. எதிரே இருந்த அவர் பார்த்தது முகத்தை. சத்தமில்லாமல் அவன் வாய் திறந்து கிடந்ததை அவர் ஒருவர்தான் கண்டிருக்கிறார்.

கணவர் "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொல்லிக்கொண்டே நின்றார். அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் என் நகம் பட்ட இடத்தில் இரத்தம் கசிந்தது. அதைக் காட்டி மன்னிப்புக் கேட்க முயன்றேன். கையைக் கூப்பினேன். அவர் பிரெஞ்சில் ஏதோ சொல்லி என் கன்னத்தைத் தொட்டார்.

காரில் வீடு திரும்பும்போது, "நாங்கள் தலையிலை தட்டிக்கொண்டிருந்திருக்கிறம், என்ன," என்றார் மச்சாள், மெதுவாக.

அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டோம். இப்போதும் வீட்டில் யாருக்காவது புரைக்கேறினால் என் கை தலைக்குத்தான் போகிறது, ஆனால் முதலில் முகத்தைப் பார்க்கிறேன். ஒருவர் நினைத்தால் இன்னொருவருக்குப் புரைக்கேறும் என்பது உண்மையானால், அந்தப் பெண் இத்தனை வருடங்களில் நிம்மதியாக ஒரு வாய் தண்ணீர் குடித்திருக்க மாட்டார்.