கால்வைட்டின் குளியல் தொட்டி

மோசெல் ஆற்றங்கரையில் எங்கள் ஊரான கெல்லிக்கில் ஒருவரைத் தங்களில் ஒருவராக நினைத்தால், ஊர் நடுவில் நிற்கவைத்துக் கிழிப்பார்கள். தவக்காலத்துக்கு முந்தைய கார்னிவல் ஞாயிறன்று பிற்பகல், ஊர் மண்டப மேடையில் ஒரு பெரிய ஒயின் பீப்பாய் வைக்கப்படும். முடிவெட்டும் மத்தேஸ் பிரிக்சியுஸ் கோமாளித் தொப்பியோடு அதற்குள் ஏறி நின்றுகொண்டு, அந்த வருஷம் யார் என்னென்ன முட்டாள்தனம் பண்ணினார்கள் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே போவார். பாதிரியாருக்கும் விலக்கு கிடையாது. மேயர் மாட்டினால் அவருடைய மாமியாருக்கும் சேர்த்து விழும். பெயர் அடிபட்டவர் எழுந்து தலைவணங்கி, மத்தேஸுக்கு ஒரு கோப்பை ஒயின் வாங்கித் தரவேண்டும். முகம் சிவந்தாலும் அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துதான் போகும். பெயர் வராதவர்கள்தான் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் எரிந்து விழுவார்கள்.

புருனோ கால்வைட்டின் பெயர் பதினைந்து வருஷமாக வரவில்லை.

அவர் மோசெல் கரையில் பிறந்தவர் அல்ல. போர் முடிந்த வருஷம் கிழக்குப் பிரஷ்யாவில் வீடு, நிலம், குதிரை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்தவர். வடக்கே அகதி முகாமில் சில காலம் கிடந்து, பிறகு மனைவி எர்னாவோடு ரயிலில் இங்கே வந்து இறங்கினார். ஊர்ச் சபையில் வேலை கிடைத்தது. தெருக்களைக் கவனிப்பார். காலையில் படகுத்துறை அளவுப்பலகையில் ஆற்றின் மட்டத்தைப் பார்த்து வந்து, சபை வாசலில் சாக்குக்கட்டியால் எழுதிப் போடுவார். எதிலும் ஒரு பிசகு கிடையாது. அதுதான் வினையாகப் போயிற்று.

"வணக்கம், கால்வைட் ஐயா" என்று எல்லோரும் தொப்பியைத் தூக்குவார்கள். அதோடு சரி. அடுத்த நிமிஷம் தங்களுக்குள் ஒருவரை ஒருவர் கழுதை, குரங்கு என்று திட்டிச் சிரித்துக்கொண்டு மதுக்கடைக்குள் போய்விடுவார்கள்.

"நான் செத்தாக்கூட 'ஐயா போயிட்டாரு'ன்னு தொப்பியக் கழட்டிட்டு அவனவன் வேலையப் பாக்கப் போயிடுவான்" என்று ஒருநாள் பீட்ரூட் சூப் முன்னால் உட்கார்ந்து புலம்பினார்.

"அதுக்கு என்ன பண்ணச் சொல்ற? போய் ஊரு முன்னாடி குப்புற விழு" என்றாள் எர்னா.

மனுஷன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அடுத்த ஒயின் திருவிழாவில், இசைக்குழு பார்த்துக்கொண்டிருக்கும்போதே படகுத்துறையிலிருந்து கால் தவறுவதுபோல் ஆற்றில் விழுந்தார். பிரமாதமாகத்தான் விழுந்தார். ஆனால் ஒருவர் சிரிக்கவேண்டுமே! அண்டை வீட்டு ஒயின்காரி கேத்சென் ஓடிவந்து கம்பளியால் போர்த்தினாள். "பாவம், பழக்கமில்லாத ஆறு" என்று நாலு பேர் உச்சுக்கொட்டினார்கள். கார்னிவலில் மத்தேஸ் அதைப்பற்றி மூச்சு விடவில்லை. புருனோ வேண்டுமென்றே இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பைப் போட்டுக்கொண்டு திரிந்தும் பார்த்தார். அதற்கும் எவரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த ஜனவரியில் மோசெல் பொங்கியது. எங்களுக்கு வெள்ளம் என்பது வேண்டாத விருந்தாளி. திட்டிக்கொண்டே சாமானை மாடிக்கு ஏற்றுவோம். காலிப் பீப்பாய்களில் தண்ணீர் நிரப்புவோம், இல்லாவிட்டால் அவை மிதந்து நிலவறைக் கூரையை இடிக்கும். அன்று காலை அளவுப்பலகையைப் பார்த்த புருனோ, கைமணியை ஆட்டிக்கொண்டு வீடு வீடாக ஓடினார்.

"மிதக்கிறது எதையும் கீழ விடாதீங்க! கட்டி வைங்க!"

"சரிங்க ஐயா, நாங்க பொறந்ததுலேருந்து இந்த ஆத்தோடதான் மல்லுக்கட்டுறோம். இந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க, பீரோ கனக்குது" என்றாள் கேத்சென்.

பொழுது சாயும்வரை அடுத்தவர் வீட்டுச் சாமானைச் சுமந்தார். அவருடைய முற்றத்தில் புத்தம்புதுத் துத்தநாகக் குளியல் தொட்டி ஒன்று, குழாய்க்காரருக்காகக் காத்துக் கிடந்தது. கூடவே ஒரு வெள்ளை வாத்தும் இருந்தது. இரண்டையும் எர்னா மாடிக்கு ஏற்றியிருப்பாள் என்று அவரும், அவர் ஏற்றியிருப்பார் என்று எர்னாவும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

மறுநாள் மதியம் சந்து முழுக்கத் தண்ணீர். ஊரே மாடி ஜன்னல்களில் நின்றுகொண்டிருந்தது. கால்வைட் வீட்டு வாசலிலிருந்து தொட்டி மெல்ல வெளியே வந்தது. உள்ளே வாத்து, கழுத்தை நிமிர்த்திக் கப்பல் கேப்டன் மாதிரி நின்றது. பின்னால் ஒரு இரவல் படகில், உள்ளாடையோடு, கழி ஊன்றியபடி புருனோ வந்தார்.

"நில்லு! நில்லுன்னு சொல்றேன்ல!"

வாத்து அவர் சொல்லைக் கேட்கவில்லை. தேவாலயச் சதுக்கத்தில் நீரோட்டம் தொட்டியைத் திருப்பியது. வாத்து மட்டும் சமயம் பார்த்துக் கேத்சென் வீட்டு மாடிக்குத் தாவிவிட்டது. தொட்டி கோப்லென்ஸ் நகரத்துக்குப் போகும் திசையில் போய் மறைந்தது. புருனோ நிமிர்ந்து பார்த்தார். ஜன்னல் கதவுகள் ஒவ்வொன்றாக, மரியாதையாக, மூடிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் அவருக்கு உடம்பு கூசியது. ஊருக்கெல்லாம் மணியடித்துப் புத்தி சொன்ன ஆள்! எல்லாவற்றையும் இழந்து வந்தவர், இத்தனை வருஷத்தில் ஆசைப்பட்டுப் புதிதாக வாங்கிய முதல் பொருளும் அந்தத் தொட்டிதான். விளையாட்டுக்கு விழுவது வேறு, நிஜமாகவே அசடு வழிந்து நிற்பது வேறு. மூன்று நாள் வெளியே தலைகாட்டவில்லை. பிறகு நேரே மத்தேஸிடம் போனார்.

"அந்தத் தொட்டி விஷயம் மட்டும் மேடையில வேணாம். தயவு பண்ணுங்க."

மத்தேஸின் முகம் வாடிவிட்டது. தட்டில் வைத்த இனிப்பைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது மனுஷனுக்கு. ஆனாலும், "சத்தியமா சொல்ல மாட்டேங்க, ஐயா" என்றார்.

ஞாயிறு வந்தது. மண்டபத்தில் மூச்சுவிட இடமில்லை. பீப்பாய்க்குள்ளிருந்து மத்தேஸ் தெருத் தெருவாக வெளுத்து வாங்கி, படகுத்துறைச் சந்துக்கு வந்தார்.

"நம்ம கேத்சென் இருக்காளே, காலிப் பீப்பாய்ல தண்ணி ஊத்துடின்னா, நல்ல ஒயின்லயே ஊத்திட்டா! இந்த வருஷச் சரக்கைக் கைக்குழந்தைக்கே குடுக்கலாம்!"

கேத்சென் எழுந்து பெருமையாகத் தலைவணங்கினாள். அடுத்த வீடு புருனோவுடையது. மத்தேஸ் அந்த வீட்டைத் தாண்டி, "அடுத்தது... மில் தெரு" என்றார்.

மண்டபம் முழுவதும் தலைகுனிந்து தத்தம் கோப்பைக்குள் பார்த்தது. ஒருவர் கண்ணும் புருனோ பக்கம் திரும்பவில்லை. இதைவிடப் பெரிய தண்டனை அவருக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. சாகும்வரை தன்னை இப்படித்தான் சுற்றிக்கொண்டு போவார்கள் என்று புரிந்தது. நாற்காலி பின்னால் சாய எழுந்துவிட்டார்.

"யோவ் மத்தேஸ்! ஒரு வீட்ட விட்டுட்ட!"

"வாக்குக் குடுத்திருக்கேனே..."

"உன் வாக்கக் கொண்டுபோய் ஆத்துல போடு. எறங்குயா கீழ!"

அவரே பீப்பாய்க்குள் ஏறினார். கிழக்குப் பிரஷ்ய இழுவைப் பேச்சில் தொடங்கினார். "அன்னிக்கு மதியம் நான் கால்சட்டையப் போட்டுக்கிட்டு, படக எடுத்துக்கிட்டு..."

"பொய்!" என்று பின்வரிசையிலிருந்து கேத்சென் கத்தினாள். "வெறும் உள்நிக்கர்! பின்னால ஒட்டு வேற!"

அத்தனை வாரமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு மண்டபத்தையே உலுக்கியது. "நான் ஜன்னலச் சாத்திட்டுத் தலகாணியக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்!" என்றார் ஒருவர். "வாத்துக்கு சல்யூட் வெச்சாருய்யா!" என்றார் இன்னொருவர். எர்னாவும் சும்மா இருக்கவில்லை. "மாத்துக் கால்சட்டை நாற்காலி மேலயே கெடந்துச்சு! தேடினாத்தானே!" என்று தன் பங்குக்குப் போட்டுக் கொடுத்தாள். புருனோ பீப்பாயின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார். கண்ணீர் மீசையில் இறங்கிக்கொண்டிருந்தது.

மத்தேஸ் எக்கி ஒரு கோப்பை ஒயினை நீட்டியபடி, முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அழுறியாடா, புருனோ?"

"இல்லியே."

"அழு, அழு, நல்லா அழு. அடுத்த வருஷத்துக்கு ஒண்ணு கெடச்சுது."