ஹில்லாவின் கடைசி அடி

குதிரை வளர்க்காதவர்களுக்குத்தான் குதிரையைப் பற்றி எல்லாம் தெரியும். எங்கள் ஊர்ப் பந்தயத் திடலில் இத்தனை வருஷமாகக் காப்பி ஊற்றி நான் தெரிந்துகொண்டது இது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அர்வி ஜன்னலோர மேசையைப் பிடித்துக்கொள்வார். எதிரில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் தூலா. நடுவில் ஏலக்காய் ரொட்டி. உலகத்திலேயே சிறந்த பெண்குதிரை எது என்று தொடங்கினால் காப்பி ஆறி, நான் விளக்கை அணைக்கிறவரை ஓயாது. இரண்டு பேரில் ஒருவர்கூட ஒரு நாள் லாயத்தில் சாணி அள்ளியதில்லை.

அந்தச் சண்டை கடைசியில் இரண்டு பெயர்களில் வந்து முட்டி நிற்கும். ஒன்று கலெர்வோவின் உஸ்வா. இன்னொன்று தாஹ்வோவின் ஹில்லா. நான் சொல்ல வந்தது தாஹ்வோவைப் பற்றி.

ஏரிக்கரையில் நாலைந்து மாடும் கொஞ்சம் காடும் வைத்திருந்த மனிதர் தாஹ்வோ. வாயிலிருந்து வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. ஆனால் சொன்னால் உண்மையைத்தான் சொல்வார், அதுவும் யாரும் கேட்காத நேரத்தில். ஒரு முறை மழைத்தண்ணீர் பால் கேனில் விழுந்துவிட்டது என்று பால் பண்ணைக்குத் தானே போய்ச் சொல்லி, அன்றைய பாலை முழுக்கக் கீழே கொட்டவிட்டு வந்தார். ஊர் சிரித்தது. அவர் மனைவி ஆவுனே சிரிக்கவில்லை, வீட்டில் அடுப்பை எரிக்க வேண்டியவள் அவள்தான்.

ஹில்லா அவருடைய ஒரே பெண்குதிரை. பனிக்காலம் முழுக்கக் காட்டில் மரம் இழுப்பாள், கோடையில் பந்தயத்துக்கு வருவாள். எங்கள் பக்கத்துக் குதிரைகள் எல்லாமே அப்படித்தான், உழைப்புக்கு உழைப்பு, ஓட்டத்துக்கு ஓட்டம். ஆனால் ஹில்லாவைப் போல நடை போட்டவள் இல்லை. இந்தப் பந்தயத்தில் நடைதான் எல்லாம். பின்னால் இரண்டு சக்கர வண்டியில் ஆள் உட்கார்ந்திருக்க, குதிரை குறுக்குக் கால்களை ஜோடி ஜோடியாக வைத்துப் பெருநடையில் வர வேண்டும். எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் வரலாம், நாலுகால் பாய்ச்சலில் மட்டும் இறங்கக் கூடாது. பாய்ந்தபடி எல்லைக் கோட்டைத் தாண்டினால் முதலில் வந்தாலும் தோல்விதான்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூலையில், பெண்குதிரைகளின் ராணிப் பட்டத்துக்கான ஓட்டம். மழை கொட்டியது. கடைசித் திருப்பத்தில் உஸ்வாவும் ஹில்லாவும் ஒட்டிக்கொண்டு வந்தார்கள், கோட்டில் ஹில்லாவின் மூக்கு முன்னால் இருந்தது. நடுவர்கள் எடுத்த படத்தில் மூக்குகள் தெளிவாக இருந்தன, கால்கள் இருந்த இடத்தில் சேறுதான் தெரிந்தது. கூட்டம் ஹில்லா ஹில்லா என்று கத்தத் தொடங்கிவிட்டது. மைதானத்து ஒலிபெருக்கி அவள் பெயரைச் சொல்ல இருந்த நேரத்தில் தாஹ்வோ வண்டியைத் திருப்பி நடுவர் கூண்டுக்கு ஓட்டிவந்தார். "கடைசி அடியில பாய்ஞ்சிட்டா. லகான்ல தெரிஞ்சுது" என்றார். ஓட்டினவனே சொல்கிறான், அதற்கு மேல் நடுவர்களுக்கு என்ன வேலை. பட்டம் உஸ்வாவுக்குப் போனது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்த கதை.

விட்டுக்கொடுத்த பட்டத்தோடு முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லவே மாட்டேன்.

பாய்கிற குதிரையை எங்கள் ஆட்கள் குட்டிக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள். அந்தக் கெட்ட நடை ரத்தத்தில் இறங்கும் என்பார்கள். கோட்டருகே வந்து பாய்கிறவள் இன்னும் மோசம், நெருக்கடியில் கைவிடுகிறவள் என்று அர்த்தம். பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் நல்ல விலை சொல்லி ஹில்லாவைக் குட்டிக்குக் கேட்டான். தாஹ்வோ மறுத்துவிட்டார். பழுதான ரத்தத்தை இன்னொருத்தன் தலையில் கட்ட மாட்டாராம். ஆவுனே கெஞ்சினாள், காட்டு வேலைக்காவது இருக்கட்டும் என்றாள். அதற்கும் பதில் வைத்திருந்தார். வீட்டில் இருந்தால் ஒரு நாள் மனசு மாறி யாராவது குட்டி எடுத்துவிடுவார்கள் என்றார். அக்டோபரில் கசாப்பு லாரி வந்தது. ஹில்லா தானாகவே லாரியின் பலகையில் ஏறினாள். ஆவுனே ஜன்னல் திரையை இழுத்து மூடியவள், அதன் பிறகு சாகும்வரை அந்த லாயத்துக்குள் காலை வைக்கவில்லை.

தாஹ்வோ வேறு குதிரை வாங்கவில்லை. பந்தயத்துக்கு மட்டும் தவறாமல் வருவார். ஓரமாக உட்கார்ந்து காப்பியும் கடுகு விழுது தடவிய இறைச்சி சாசேஜும் சாப்பிடுவார். அவர் காதுபடவே பேசுவார்கள், முட்டாள் என்பார்கள். அவர் ஏன் வருகிறார் என்று எனக்குத் தெரியும். பட்டம் போனது, குதிரை போனது, கட்டினவளின் மனசும் போனது. மிஞ்சியது ஒன்றுதான். தான் அன்று சொன்னது உண்மை, அதனால் செய்ததும் சரி. அந்த நினைப்பில்தான் அவர் எழுந்தார், அந்த நினைப்பில்தான் படுத்தார். அது சரிந்தால் மனிதர் என்ன ஆவார் என்று நான் பல முறை பயந்திருக்கிறேன்.

போன கோடையில் திடலின் நிர்வாகிகளுக்கு ஒரு யோசனை வந்தது. ஜூலையில் நடக்கும் பெண்குதிரைகள் ஓட்டத்துக்கு எங்கள் வட்டாரத்தின் மிகச் சிறந்த குதிரையின் பெயரை வைப்பதாம், எந்தக் குதிரை என்று ரசிகர்களே கை தூக்கி முடிவு செய்வதாம். சனிக்கிழமை மத்தியானம் என் கடையில் கூட்டம். நாற்காலி போதவில்லை. உஸ்வாவின் கலெர்வோவும் வந்திருந்தார், நடக்க ஊன்றிக்கொள்ளும் சக்கரச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, நல்ல கோட்டு போட்டுக்கொண்டு. உஸ்வாவின் குட்டிகளாலேயே பெரிய மனிதர் ஆனவர். தாஹ்வோ வழக்கமான இடத்தில் இருந்தார்.

அர்விதான் ஆரம்பித்தார். "உஸ்வாவா? தூலா, நீ தலைமுடியப் பத்திப் பேசு, குதிரைய எங்கிட்ட விடு. அந்த மழையில ஹில்லா வந்த வரத்து இன்னைக்கு வரைக்கும் ஒருத்தியும் வரல."

"வந்து என்ன பிரயோசனம்? கோட்டுல பாய்ஞ்சாளா இல்லையா? பாய்ஞ்சு ஜெயிக்கலாம்னா உன் பழைய பஸ்ஸுக்கே பட்டம் குடுக்கலாம்" என்றாள் தூலா.

"பாய்ஞ்சத யாரு பார்த்தா? ஓட்டினவன் சொன்னான், அவ்வளவுதான். நுணலும் தன் வாயால கெடும். அந்த மனுஷன் அன்னைக்கு வாய மூடிட்டிருந்தா இன்னைக்கு நாம இங்க உக்காந்து கத்த வேண்டியதே இல்ல."

அந்த மனுஷன் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். எனக்குக் கை துறுதுறுத்தது, காப்பிக் கெண்டியை அர்வியின் மடியில் சாய்த்திருப்பேன்.

"நீங்க எல்லாரும் வாய்க்கு வந்தத பேசறீங்க. சம்பந்தப்பட்டவர் இங்கதான இருக்கார், அவரக் கேக்கலாமே" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

தாஹ்வோ எழுந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டார், தேவாலயத்தில் நிற்கிற மாதிரி.

"என் கை உஸ்வாவுக்கு" என்றார். "ஹில்லா வேகமானவ, இல்லன்னு சொல்லல. ஆனா நடை கெட்டுப்போச்சு. நடை கெட்டவ பேர இந்த ஓட்டத்துக்கு வச்சா வர்ற குதிரைங்களுக்கு அசிங்கம். உஸ்வா கடைசி வரைக்கும் சுத்தமா வந்தா. அதான் நியாயம்."

தூலாவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, தன் பக்கம் ஓட்டு விழுந்தும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உக்காரு தாஹ்வோ" என்றார் கலெர்வோ.

"இல்ல, நான் சொல்லி முடிச்சிடறேன்."

"உக்காருடா. அவ பாயல."

யாருக்கும் புரியவில்லை. கலெர்வோ மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். வண்டியில் இருப்பவனுக்குத் தன் குதிரையின் பின்பக்கம்தான் தெரியும், ஆனால் பக்கத்துக் குதிரையின் கால்கள் கண்ணுக்கு நேரே இருக்கும். அது ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

"தண்ணி தேங்கின குழியில பின்னங்கால் ஒண்ணு வழுக்குச்சு. உனக்கு லகான்ல பட்டது அதுதான். மறு அடியே ஜோடி சேந்துட்டா. கோட்டத் தாண்டறப்ப கடியாரம் மாதிரி பெருநடை. நான் பார்த்தேன். நீ வண்டியத் திருப்பிட்டுப் போனப்ப, இவன் எதுக்குப் போறான்னே முதல்ல புரியல. அப்புறம் ஒலிபெருக்கில என் பேர சொன்னாங்க. தானா வந்தத எதுக்குத் தள்ளறதுன்னு இருந்துட்டேன்."

இதைச் சொல்ல இந்த மனிதருக்கு ஒரு ஆயுள் தேவைப்பட்டிருக்கிறது. தாஹ்வோ உஸ்வாவுக்குக் கை தூக்காமல் இருந்திருந்தால் சொல்லாமலே செத்திருப்பார்.

அடுத்த நிமிஷம் கடை சந்தைக்கடை ஆனது. "பார்த்தீங்களா, நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று அர்வி மேசையைத் தட்டினார். அன்றைக்கு அவர் சொன்னது ஹில்லாவைச் சாசேஜ் பண்ண வேண்டும் என்று, நான் மறக்கவில்லை. அப்படியானால் உஸ்வாவின் பட்டம் செல்லுமா செல்லாதா என்று தூலா கேட்டாள். பழைய பட்டத்தைத் திருப்ப விதியில் இடம் இருக்கிறதா என்று ஒருவன் கைப்பேசியில் தேடினான். உயிரோடு இருந்த இரண்டு கிழவர்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. செத்த குதிரைதான் அவர்களுக்கு முக்கியம். கை தூக்கச் சொன்னார்கள், கடை முழுக்கக் கை எழுந்தது. ஹில்லா. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

நான் துடைக்கிற சாக்கில் அவர்கள் மேசைக்குப் போனேன். தாஹ்வோ கலெர்வோவின் எதிரில் உட்கார்ந்திருந்தார். கோபமாகத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"பட்டத்த நீ வச்சிருந்திருக்கலாம், நான் கேக்கல" என்றார் மெதுவாக. "லாரி வரப்போறது ஊருக்கே தெரியும். உனக்கும் தெரியும்."

"தெரியும்."

"எங்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவ தப்பு பண்ணலன்னு. நான் அவள வீட்டோட வச்சிருந்திருப்பேன். ஆவுனே எவ்வளவு கேட்டா தெரியுமா."

கலெர்வோ முதல் முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அந்த முகத்தில் வெட்கம் இருந்தது, அதைவிட அதிகமாக எரிச்சல் இருந்தது.

"எப்படிச் சொல்றது உங்கிட்ட? ரெண்டு நாள் வருத்தப்பட்டுட்டு சும்மா இருந்திருப்பியா? அடுத்த நாளே கிளம்பி நடுவர்ங்ககிட்ட போயிருப்ப. நான் தப்பா சொல்லிட்டேன், கலெர்வோ பார்த்தான், சாட்சி அவன்தான்னு. என்னைய ஊர் முன்னால நிக்க வச்சிருப்ப. போயிருப்பியா இல்லியா, நீயே சொல்லு."

அர்வி தூரத்திலிருந்து கூப்பிட்டார். புகைப்படம் எடுக்க வேண்டுமாம், ஹில்லாவின் சொந்தக்காரர் நடுவில் நிற்க வேண்டுமாம். தாஹ்வோவுக்கு அது காதில் விழவில்லை. கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்திலும் யோசித்தார். எனக்கு அழுகையாக வந்தது, அதைவிட அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல வந்தது. இல்லை, போயிருக்க மாட்டேன், உன்னால்தான் அவள் செத்தாள் என்று ஒரே ஒரு பொய் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுக்கலாம். இந்தக் கடையில் ஒருவரும் தடுக்க மாட்டார்கள்.

"ஆமா" என்றார் தாஹ்வோ. "போயிருப்பேன்."