தறியில் உட்கார்ந்தால் குணம்

டாக்டர் சடகோபன் காலமான செய்தியைக் கம்பவுண்டர் வந்து சொன்னபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை. மறுநாள் அவருடைய மருமகன் வந்து, நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை கேட்டார். சடகோபனிடம் பல ஆண்டுகள் உதவி மருத்துவனாக இருந்தவன் என்பதால் நடந்ததை எழுதுகிறேன். நல்ல வார்த்தைகளை மற்றவர்கள் தேவைக்கு மேலேயே எழுதியிருப்பார்கள்.

1960களின் நடுவில் அவருக்கு ஆராய்ச்சி ஆசை வந்தது. மூட்டுகளை வீங்கவைத்து இருதயத்தையும் பிடிக்கும் ருமாட்டிக் காய்ச்சலை சல்பா மாத்திரையால் குணப்படுத்தலாம் என்று நிரூபிக்கப் புறப்பட்டார். கூடவே எல்லோருக்கும் ஆஸ்பிரினும் கொடுத்தார். ஆஸ்பிரினுக்கே வலி இறங்கிவிடும் என்பது மருத்துவக் கல்லூரி மாணவனுக்கும் தெரியும். "சல்பா கொடுக்காமல் சிலரைப் பார்க்க வேண்டாமா, சார்?" என்றேன். "நீ சொல்லி நான் பார்க்கணுமோ?" என்றார்.

நோயாளிகளில் பெரும்பாலோர் நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகள். தறிக்குழியில் இறங்கி மிதி மிதிக்க முடிந்தால் நோய் போய்விட்டது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அவர்கள் அப்படி நினைப்பதில் தவறில்லை. சீமைப் பட்டம் வாங்கியவர் அதையே அளவுகோலாக்கினார். "தறியில உக்காந்துட்டானோல்லியோ? குணம்னு எழுதுப்பா!" அவர் படத்துக்குக் கீழே இதைப் பொறிக்கலாம்.

ஐயம்பேட்டை ஏகாம்பரம் அப்படிக் குணமானவன். பதினேழு வயது. அவன் இருதயத்தில் வால்வு கசியும் ஓசை எனக்குத் தெளிவாகக் கேட்டது. சொன்னேன். "உனக்குக் கச்சேரி கேக்கற காது" என்றார். நர்சுகள் சிரித்தார்கள். அடுத்த ஆண்டே காய்ச்சல் திரும்பி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான். அவனைப் புது நோயாளியாகச் சேர்த்து மறுபடியும் குணப்படுத்தினார். ஒரே பையனை இரண்டு வெற்றிகளாகக் காட்டி மாநாட்டில் கைதட்டல் வாங்கினார்.

காய்ச்சல் இன்னொரு முறை வந்தால் அந்த இருதயம் தாங்காது. ஆகவே அவரைக் கேட்காமல், தறிகளுக்கு விடுமுறையான அமாவாசைதோறும் அவனை வரவழைத்து, காய்ச்சல் திரும்பாமலிருக்க பெனிசிலின் ஊசி போட்டுவருகிறேன்.

போன அமாவாசைக்கு வந்தவன் படுக்காமல் நின்றான்.

"பெரிய டாக்டரே போயிட்டாரு. இனிமே ஊசி எதுக்கு சார்?"

"அவருக்கும் ஊசிக்கும் என்னப்பா?"

"அவரு சொல்லித்தானே போட்டுக்கினு இருக்கீங்க? அவரு கைராசிதான் சார் என்னை ஓட்டிக்கினு இருக்குது. நீங்க போட்டா வலிக்குது, அவ்ளோதான்."

ஊசியில் மருந்தை ஏற்றினேன். பிறகு, "நிறுத்தவே கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் போனார்" என்றேன். மேலே பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படுத்தான்.

சடகோபனின் ஆராய்ச்சியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். அது இல்லாவிட்டால் ஏகாம்பரம் ஊசிக்கு வரமாட்டான். இதைப் படிப்பவர்கள் யாரும் அவனிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டாம்.