வரைபடத்தில் மிதந்தவன்

இதைச் சொல்ல ஆரம்பித்தாலே என் மனைவி, "மறுபடியுமா?" என்று எழுந்து போய்விடுவாள். போகட்டும். ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. எனக்கு நடந்தது இதுதான்.

நான் சரக்குக் கப்பலில் அதிகாரி. மாலை நான்கிலிருந்து எட்டு வரை கப்பலைச் செலுத்தும் அறையில் என் பொறுப்பு. சுற்றிலும் நாலைந்து நாள் தூரத்துக்குக் கரையே கிடையாது. திரையில் எல்லாம் தெரியும்தான். ஆனாலும் எங்கள் கேப்டன் விடமாட்டார். மணிக்கு ஒருமுறை, கப்பல் இருக்கும் இடத்தைக் காகித வரைபடத்தில் பென்சிலால் குறித்தே ஆகவேண்டும். அன்று விரித்தது புத்தம் புது வரைபடம். உறையைப் பிரித்ததே நான்தான்.

ஐந்து மணிக்குக் குறிக்கப் போனேன். எங்கள் பாதைக்குக் கொஞ்சம் இடப்பக்கத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி... நான் போட்டதல்ல.

அறையில் என்னைத் தவிர இருந்தது ஒரே ஒரு மாலுமி. ஜன்னலோரம் நின்று கடலைக் கவனிப்பது அவர் வேலை. எல்லோருக்கும் அவர் 'மாமா'.

"மாமா, சார்ட்ல ஏதாவது கிறுக்குனீங்களா?"

"நான் பென்சில் புடிச்சே வருஷக்கணக்காச்சு சார்."

ரப்பரால் அழித்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

ஆறு மணி. இருட்டிவிட்டது. மேஜை விளக்கைப் போட்டேன். அழித்த குறி அதே இடத்தில் திரும்ப இருந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. அந்த இடத்தில் மட்டும் காகிதம் ஈரம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்... உப்பு.



இரண்டு குறிக்கும் நடுவே அளந்தேன். இரண்டு மைல். அங்கே நீரோட்டம் ஒரு மணி நேரத்தில் போகும் தூரம் அதுதான். திசையும் அதே. அப்படியென்றால் இது கப்பல் இல்லை. தானாக எங்கும் போகவில்லை. மிதக்கிறது...

ஆளா?

ஸ்கேலை வைத்துக் கோட்டை நீட்டினேன். ஏழு இருபதுக்கு அது எங்கள் பாதையைத் தொட்டது; அதே நேரத்துக்கு நாங்களும் அங்கேதான் இருப்போம்.

பென்சில் குறியை நம்பிக் கப்பலை நிறுத்தினால் எனக்குப் பைத்தியம் என்பார்கள். நிறுத்தாமல் போய், அங்கே ஒருவன் உயிரோடு இருந்தால்? கேப்டன் அறைக்குப் போன் போட்டேன்.

கேப்டன் பனியனோடு ஓடிவந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். வரைபடத்தைப் பார்த்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அந்த எடம் வந்ததும் இன்ஜினை நிறுத்து."

ஏழு இருபது. கப்பல் அடங்கி நின்றது.

உய்ய்ய்...

விசில். லைஃப் ஜாக்கெட்டில் கட்டியிருக்குமே, அந்தச் சின்ன விசில்.

"இடது பக்கம் சார்!" மாமா கத்தினார்.

பெரிய தேடுவிளக்கை அந்தப் பக்கம் திருப்பினோம். வெறும் தண்ணீர்.

உய்ய்ய்... கிட்டே.

உய்ய்... இன்னும் கிட்டே...

கேப்டன் ஒலிபெருக்கியை எடுத்தார்.

"டேய்... அண்ணன் வந்துட்டேன்டா."

விசில் நின்றது.

விடியும்வரை தேடினோம். யாரும் இல்லை. எங்கள் கப்பலில் எல்லோரும் பத்திரமாக இருந்தார்கள். அடுத்த துறைமுகத்தில் கேப்டன் பெட்டியோடு இறங்கினார். அப்புறம் அவர் கப்பல் ஏறவே இல்லை.

சில மாதம் கழித்து, முன்பு அவரோடு வேலை பார்த்த ரேடியோ அதிகாரி ஒருவரைச் சந்தித்தேன். அவர்தான் சொன்னார். பல வருடங்களுக்கு முன், இருவரும் ஒரே கப்பலில் இருந்தபோது, கேப்டனின் தம்பி கடலில் விழுந்துவிட்டானாம். விழுந்த இடத்தைக் குறித்தது கேப்டன்தான். இரவு முழுக்க அந்தப் புள்ளியையே சுற்றிச் சுற்றித் தேடியிருக்கிறார்கள். நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போகும் என்பதை, அந்தப் பதற்றத்தில் அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

"உடம்பு கிடைச்சுதா?" என்றேன்.

"மறுநாள் ஒரு மீன்பிடிக் கப்பல் எடுத்துச்சு. செய்தி எனக்குத்தான் வந்துச்சு. எடம் இன்னிக்கும் மனப்பாடம்."

சொன்னார். என் பென்சில் கோடு எங்கள் பாதையைத் தொட்ட அதே இடம்.

"பல்லுல விசிலைக் கடிச்சிருந்தான். யாராலயும் எடுக்க முடியல. அதோடயே பொதைச்சாங்க."